புது ஜீப்பின் டயரையும் ஸ்பிரிங்கையும் மாற்றும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதிதாக ஃபோர் பை ஃபோர் வண்டி, அதாவது நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி, வாங்குவோர் முதல் மாதத்திலேயே செய்துகொள்ள வேண்டிய மாற்றங்கள் குறித்து, தங்கள் நாளிதழின் வாகன இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பெரிய டயர், அகலமான அலாய் ரிம், வண்டியின் உடலை இரண்டு அங்குலம் உயர்த்துவது ஆகிய மூன்றையும் கட்டுரையாளர் ஒரே மூச்சில் பரிந்துரைத்திருக்கிறார். வண்டி மீதான அவருடைய ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் போடிநாயக்கனூரில் 22 ஆண்டுகளாக வீல் அலைன்மென்ட்டும் அடிப்பாக வேலையும் செய்துவருகிறவன் என்ற முறையில், அந்த மூன்றையும் ஒன்றாகச் செய்துகொண்ட வண்டிகள் எந்த நிலையில் என் பட்டறைக் குழியின் மேல் வந்து நிற்கின்றன என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருப்பதாகக் கருதுகிறேன். நான் சொல்ல விரும்புவது இதுதான்: புது வண்டியை முதல் 5,000 கிலோமீட்டருக்காவது நிறுவனம் கொடுத்தபடியே ஓட்டுங்கள், அதன்பின் செலவு செய்வதானால் முதலில் நிறுவனம் குறித்த அளவிலேயே நல்ல டயருக்குச் செலவிடுங்கள், ஸ்பிரிங்கிலும் ஷாக் அப்சார்பரிலும் கைவைப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் விடியும் முன்பே ஜீப்கள் கிளம்பிவிடும். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் ஆகிய ஊர்களிலிருந்து இடுக்கி மாவட்டத்தின் ஏலத் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் அந்த வண்டிகளில் பல, பட்டை ஸ்பிரிங் கொண்ட பழைய மகிந்திரா வண்டிகள். அவற்றில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்; அதனால் போன உயிர்களை இவ்வூர் மறக்கவில்லை. ஆனால் டயரைப் பற்றிப் பேசும்போது அந்த வண்டிகளைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. பழைய ஜீப்பின் 6.00-16 டயர் ஆறு அங்குலம், அதாவது ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் அகலம்தான். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கற்பாதையில், இன்றைய வண்டிகளின் டயர் அகலத்தோடு ஒப்பிட்டால் ஒல்லியாகத் தெரியும் டயர்களுடன்தான் ஜீப்கள் நெடுங்காலம் ஏறி இறங்கின. அந்த ஓட்டுநர்கள் எந்தக் கல்லின் மேல் எந்தச் சக்கரத்தை வைப்பது என்பதை அறிந்தவர்கள். அந்த அறிவு எந்தக் கடையிலும் பெட்டியில் கிடைப்பதில்லை. புதிய உரிமையாளர் தன் வண்டியின் லோ ரேஞ்ச் கியர் (மெதுவாக, கூடுதல் வலுவோடு இழுக்கும் கியர்) எப்படி இழுக்கிறது, எந்தக் கோணத்தில் வண்டியின் வயிறு தட்டுகிறது, எந்தச் சக்கரம் முதலில் தரையை விடுகிறது என்பவற்றைத் தெரிந்துகொள்ளும் முன்பே வண்டியை மாற்றிவிட்டால், பிறகு அவருக்குத் தெரியவருவது அந்த வண்டியின் குணமா, பொருத்திய பொருளின் குணமா என்று பிரித்தறிய வழியே இல்லாமல் போய்விடுகிறது.

என் அக்கா மகனின் அனுபவத்தைச் சொல்கிறேன். அவன் வாங்கிய வண்டி மகிந்திரா தார், மூன்று கதவு வகை. 245/75 ஆர்16 அளவு டயர்களுடன் வந்தது; அதாவது டயரின் அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 விழுக்காடு, ரிம் 16 அங்குலம். வண்டி வந்த இரண்டாவது மாதத்தில், பெருநகரம் ஒன்றிலுள்ள ஒரு கடையில் அதன் டயர்களை 285/75 ஆர்16 அளவில், சேற்றுக்கென்றே செய்த மட் டெரெய்ன் டயர்களாக மாற்றி, முன்புற ஷாக்கின் தலைக்கு மேலும் பின்புறச் சுருள் ஸ்பிரிங்குகளுக்கு மேலும் ஸ்பேசர் எனும் கனத்த இடைத்துண்டு வைத்து உயர்த்திக்கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பேன் என்று தெரிந்தேதான் கேட்கவில்லை. ஏழு மாதம் கழித்து ஒரு மழைநாள் மாலையில் போடிமெட்டிலிருந்து இறங்கி நேராகப் பட்டறைக்கு வந்தவன், "மாமா, பிரேக் புடிச்சா எடது பக்கமா இழுக்குது, வளைவுல என்னமோ கடகடங்குது" என்றான். வண்டியைக் குழிக்கு மேல் நிறுத்திக் கீழே இறங்கி விளக்கடித்துப் பார்த்தேன். இடது முன்சக்கரத்தின் உட்புறம் முழுக்கக் கருப்பு கிரீஸ் தெறித்திருந்தது. ஆக்சில் முனையைக் காக்கும் ரப்பர் உறையின் மடிப்பு ஒன்று முழுவட்டமாகப் பிளந்து, உள்ளே மண்ணும் நீரும் புகுந்திருந்தன. ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டபோது, பிரேக் ஆயில் செல்லும் ரப்பர் குழாய் வீணைத் தந்தியைப் போல் விறைத்து நின்றது. அதன் வளைவில் நகத்தால் கீறியதுபோல் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. அன்று மலையிறக்கத்தில் ஏதாவது ஒரு பள்ளத்தில் அந்தச் சக்கரம் முழுதாகத் தொங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவனிடம் நான் விளக்கத் தேவையிருக்கவில்லை. குழிக்குள் இறங்கிப் பார்த்தவன் அரைமணி நேரம் எதுவும் பேசவில்லை.

அந்தக் கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லவில்லை. செய்த வேலையின் பின்விளைவைச் சொல்லாமல் செய்தார் என்பதே என் வருத்தம். தாரின் முன்புறத்தில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே இயங்கும் இரட்டை விஷ்போன் அமைப்பு, அதாவது சக்கரத்தை மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடித்திருக்கும் அமைப்பு உள்ளது. பின்புறத்தில் முழு அச்சும் சுருள் ஸ்பிரிங்கும். முன்புறத்தில் சக்கரம் எவ்வளவு தூரம் கீழே இறங்கலாம் என்பதற்கு எல்லை வகுப்பதே அந்த ஷாக்கின் நீளம்தான். அதன் தலையில் ஸ்பேசர் வைத்தால் ஷாக் முழுவதும் கீழே தள்ளப்படுகிறது. ஷாக்கின் அடி, கீழ்க் கையின் முனையில் அல்லாமல் நடுவில் பொருந்தியிருப்பதால், ஸ்பேசரின் கனத்தைவிடக் கூடுதலாகவே சக்கரம் இறங்கிவிடுகிறது. நிறுவனத்தார் வகுத்த எல்லையைத் தாண்டி ஆக்சில் முனை வளைகிறது, சக்கரத்தைக் கைகளோடு இணைக்கும் பால் ஜாயிண்ட் சாய்கிறது, பிரேக் குழாய் இழுபடுகிறது. மேல்நோக்கிய அசைவிலும் ஆபத்து உண்டு. சக்கரம் மேலே எழும்போது ரப்பர் தடுப்பில் முட்டி நிற்க வேண்டும். ஸ்பேசர் வைத்த வண்டியில் அதற்கு முன்பே ஷாக்கின் உட்புறம் தன் அடியில் போய் மோதிவிடுகிறது. ஆக, சக்கரத்தின் மொத்த அசைவு ஒரு மில்லிமீட்டரும் கூடாமல், அசைவின் இரு முனைகளும் கெட்டுப்போகின்றன. சில ஆயிரம் ரூபாயில் முடிகிறது என்பதால் எல்லோரும் முதலில் நாடுவது இந்த ஸ்பேசரைத்தான்; எனவேதான் இதை இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

அடுத்ததாக, உயர்த்திவிட்டால் கல் தட்டாது என்ற நம்பிக்கை. இது பாதிதான் உண்மை. பின்புறம் முழு அச்சு உள்ள எந்த வண்டியிலும், அச்சின் நடுவில் பானை போல் பருத்து நிற்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங்தான் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் கியர்களின் கூடு) பெரும்பாலும் முதலில் கல்லில் இடிக்கும். ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடற்பகுதி மேலே போகும். அந்த ஹவுசிங் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தக்கூடியது டயரின் விட்டம் ஒன்றுதான், அதிலும் விட்டத்தில் கூடுவதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். 245/75 ஆர்16 டயரின் விட்டம் கணக்குப்படி 774 மில்லிமீட்டர். 285/75 ஆர்16 டயரின் விட்டம் 834 மில்லிமீட்டர். 60 மில்லிமீட்டர் பெரிய டயரைப் போட்டு ஹவுசிங்குக்குக் கிடைத்த உயரம் 30 மில்லிமீட்டர். தாருக்கு நிறுவனமே 226 மில்லிமீட்டர் தரை இடைவெளி கொடுத்திருக்கிறது. சுசுகி ஜிம்னிக்கு 210, ஃபோர்ஸ் கூர்காவுக்கு 233. நம் பக்கத்து மலைக்கிராமப் பாதைகளுக்கும் தோட்டப் பாதைகளுக்கும், ஓட்டத் தெரிந்தவர் கையில் இந்த இடைவெளி போதும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த 30 மில்லிமீட்டருக்கு நாம் கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். விட்டம் ஏழே முக்கால் விழுக்காடு கூடியதால், வேகமானி 60 காட்டும்போது வண்டி அதன் கணக்கைவிட நாலரை கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் ஓடுகிறது. ஓடிய தூரமும் குறைத்தே பதிவாகும். ஆயில் மாற்ற வேண்டிய தவணை தள்ளிப்போகும். இவற்றைவிட முக்கியமானது பிரேக். பிரேக் வட்டு பிடிக்கும் விசை மாறாதிருக்க, சக்கரத்தின் ஆரம் நீண்டுவிட்டதால், அதே மிதிப்புக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை ஏறத்தாழ ஏழு விழுக்காடு குறைந்துவிடுகிறது. டயரின் எடையும் கூடியிருப்பதால் சுழலும் சக்கரத்தை நிறுத்துவதற்கே கூடுதல் விசை தேவை. கியரின் பிடியும் அதே அளவில் தளர்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் எஞ்சின் பிடியில் இறங்கிப் பழகியவர்களுக்கு நான் சொல்வது புரியும்: முன்பு பிரேக்கைத் தொடாமலே இறங்கிய சரிவில், பெரிய டயர் போட்ட வண்டி வேகமெடுக்கும்; ஓட்டுநரின் கால் பிரேக்கை விட்டு எழாது; அடிவாரம் வருவதற்குள் வட்டு சூடேறிப் பிடி குறையும்.

இன்னொன்றும் உண்டு. தாரில் ஸ்டெப்னி பின்கதவில் தொங்குகிறது. நான்கு டயர்களையும் பெரிதாக்கிவிட்டு, ஸ்டெப்னியை மட்டும் பழைய அளவிலேயே விட்டுவைப்பவர்கள் பலர். நம் நாட்டில் கிடைக்கும் இத்தகைய வண்டிகளில், முன்பின் அச்சுகளை இணைக்கும் ஃபோர் வீல் நிலையில் இரண்டும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்படுகின்றன. அந்நிலையில் ஒரு சக்கரம் மட்டும் சிறியதாக இருந்தால், மண்ணில் கொஞ்சம் வழுக்கிச் சமாளிக்கும்; பிடியுள்ள பாறையிலோ தார்ச்சாலையிலோ கியர் பெட்டியும் ஆக்சிலும் முறுக்கிக்கொள்ளும். சரி, ஐந்தாவதையும் பெரிதாகவே வாங்கினால், அதன் எடையைத் தாங்கும்படி அந்தக் கதவின் கீல் வடிவமைக்கப்படவில்லை. கதவு தொங்கி ஆடும் வண்டிகள் மாதம் இரண்டு மூன்றாவது என்னிடம் வருகின்றன.

இனி, எந்த டயரை வாங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் வண்டி எங்கே ஓடுகிறது என்று ஒரு மாதம் குறித்துவையுங்கள் என்பதே நான் எல்லோரிடமும் சொல்வது. வாரநாட்களில் அலுவலகம், மாதம் ஒருமுறை மேகமலையோ வால்பாறையோ, ஆண்டில் இரண்டு மூன்று முறை மண்பாதை என்றால், அது தார்ச்சாலையில் ஓடும் வண்டிதான். அதற்கு மட் டெரெய்ன் டயர் தேவையே இல்லை. அந்த டயரின் பட்டன்கள் பெரிதாக, இடைவெளி அகலமாக இருப்பது, சேற்றை வாரித் தானாகவே உதறித் தள்ளுவதற்காக. அதே இடைவெளி காரணமாகத் தார்ச்சாலையில் தரையைத் தொடும் ரப்பரின் பரப்பு குறைகிறது. மழையில் நனைந்த மலைச்சாலையில் இந்தக் குறைவு உயிருக்கே உலை வைக்கும். இரைச்சலும் தேய்மானமும் அதற்குப் பிறகுதான். சேற்று வயலிலும் காபித் தோட்டத்திலும் நாள்தோறும் ஓடுகிறவர் மட் டெரெய்ன் வாங்கட்டும். மற்றவர்களுக்கு, தார்ச்சாலையும் மண்பாதையும் கலந்து ஓடுபவர்களுக்கு, ஆல் டெரெய்ன் வகையே போதுமானது. தார்ச்சாலையைவிட்டு இறங்காதவர்கள் ஹைவே டெரெய்ன் வகையிலேயே இருந்துகொள்ளலாம். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

அளவைப் பொறுத்தவரை, ஒரே வண்டிக்கு நிறுவனமே இரண்டு அளவுகள் கொடுத்திருந்தால் அவ்விரண்டுக்குள் தேர்ந்தெடுப்பதே சிறந்தது. 2020 அக்டோபர் 2 அன்று வெளிவந்த தாரில் ஒரு வகைக்கு 16 அங்குல ரிம்மும், விலை கூடிய வகைக்கு 255/65 ஆர்18 டயருடன் 18 அங்குல ரிம்மும் வந்தன. பார்வைக்கு 18 அழகு. ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள்: 245-இல் 75 விழுக்காடு என்றால் டயரின் பக்கச்சுவர் 184 மில்லிமீட்டர் உயரம், 255-இல் 65 விழுக்காடு என்றால் 166 மில்லிமீட்டர்தான். கல்லில் மோதும்போது ரிம்மைக் காப்பது இந்தப் பக்கச்சுவர்தான். காற்றைக் குறைத்து ஓட்டும்போது வளைந்துகொடுப்பதும் அதுதான். இரண்டு டயர்களின் முழு விட்டத்திலும் 15 மில்லிமீட்டர்தான் வேறுபாடு. கரடுமுரடான பாதையில் அதிகம் ஓட்டப்போகிறவருக்கு, விலை குறைந்த வகையில் வரும் 16 அங்குல இரும்பு ரிம் மேலானது. அடிபட்டு நெளிந்தாலும் சம்மட்டியால் நிமிர்த்தி ஊர் வந்து சேரலாம், அலாய் வெடித்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அகலமான ரிம்மைப் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளுவதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. பேரிங் தேயும், ஸ்டியரிங் கையில் உதைக்கும், வாரியிறைக்கும் சேறு கண்ணாடி வரை வரும்.

கடைக்குப் போகிறவர் டயரின் பக்கச்சுவரைக் குனிந்து படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அளவை அடுத்து வரும் எண்ணும் எழுத்தும், அந்த டயர் தாங்கும் எடையையும் வேகத்தையும் சொல்கின்றன. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 111 என்றால் 1,090 கிலோ. கியூ (Q) என்ற எழுத்து மணிக்கு 160 கிலோமீட்டரையும், எஸ் (S) 180-ஐயும், டி (T) 190-ஐயும் குறிக்கும். நிறுவனம் கொடுத்த டயரில் உள்ள எடை எண்ணைவிடக் குறைந்ததை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்கக் கூடாது. தயாரிப்புக் குறியீட்டின் முடிவில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும்: 3523 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். அதிகம் விற்பனையாகாத பெரிய அளவு டயர்கள் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடப்பதுண்டு. பளபளப்பாகத் துடைத்து வைத்திருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2020 ஜூன் மாதம் முதல் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்ததையும் மறக்க வேண்டாம். நிறுவனம் கொடுத்த அளவுக்கு மாவட்டத் தலைநகரிலாவது மாற்று டயர் கிடைக்கும். அபூர்வமான அளவைப் போட்டுக்கொண்டு, மலைமேல் பூப்பாறையில் ஞாயிற்றுக்கிழமை மாலை பக்கச்சுவர் கிழிந்தவர் எங்கே போவார்?

கூடவே, கனத்த டயர் எல்லாம் வலுவான டயர் என்று எண்ணிவிடக் கூடாது. ஜிம்னி ஏறத்தாழ 1,200 கிலோ எடைதான். 195/80 ஆர்15 என்ற ஒல்லியான டயருடன் வருகிறது. அந்த ஒல்லித்தனம் அதன் பலம். சேற்றில் அது மேலடுக்கைக் கிழித்துக்கொண்டு அடியிலுள்ள கெட்டித் தரையைத் தேடிப் பிடிக்கிறது. லாரி வகையில் தயாரான தடித்த டயரை அந்த வண்டிக்குப் போட்டால், அதை வளைக்கும் எடைகூட வண்டிக்கு இல்லை. கல்லைத் தழுவாமல் கல்லின் மேல் துள்ளும்.

டயரைவிட மலிவானதும் பயன் மிகுந்ததும் காற்றுதான் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். என் பட்டறைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் ஒன்றைச் செய்து காட்டுவதுண்டு. டயரை நீரால் நனைத்து, வண்டியைச் சிமெண்ட் தரையில் சில அடி உருட்டி நிறுத்தி, டயர் தரையைத் தொடும் இடத்தின் முன்னும் பின்னும் சாக்பீஸால் கோடு போடுவேன். பிறகு 32 பாயிண்ட்டில் இருக்கும் காற்றை 18 பாயிண்ட்டுக்கு இறக்கி மறுபடியும் கோடு போடுவேன். இரண்டு கோடுகளுக்கும் இடையே மூன்று விரல்கடை நீளம் கூடியிருக்கும். டயர் அகலத்தில் விரிவதைவிட நீளத்தில்தான் அதிகம் விரிகிறது. டிராக்டரின் சங்கிலிப் பட்டையைப் போல் தரையைப் பற்றுகிறது. கற்பாதைக்கு 20 முதல் 22, சேற்றுக்கு 18, தளர்ந்த மணலுக்கு 15 அல்லது 16 என்பது என் பழக்கம். அதற்குக் கீழே போனால் வளைவில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். காற்றைக் குறைத்த பின் வேகம் கூடாது, ஸ்டியரிங்கை வெடுக்கெனத் திருப்பக் கூடாது. தார்ச்சாலை ஏறும் முன், ஓட்டுநர் கதவின் ஓரம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் உள்ள அளவுக்கு மீண்டும் காற்றடித்தாக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். பேட்டரியில் இயங்கும் நல்ல காற்றடிப்பான் ஒன்றும், நம்பகமான அளவுமானி ஒன்றும், பஞ்சர் ஒட்டும் திரியும் வாங்க ஆகும் செலவு ஒரு பெரிய டயரின் விலையைவிடக் குறைவுதான். புது வண்டிக்காரரின் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒருபோதும் மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்பிரிங் எடையைச் சுமக்கிறது, ஷாக் அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. ஆகவே வண்டியில் நிரந்தரமாக எவ்வளவு எடை ஏறியிருக்கிறது என்பது தெரிந்த பிறகே எந்த ஸ்பிரிங் என்ற கேள்வி எழ வேண்டும். கூரையில் கூடாரமும் பின்னால் தண்ணீர் தொட்டியும் கருவிப் பெட்டியும் வைத்து மாதக்கணக்கில் பயணம் செய்பவரின் வண்டி பின்னால் அமுங்கி நிற்கும். அவருக்கு அந்த எடைக்கென வடிவமைத்த ஸ்பிரிங்கும் அதற்கு இணையான ஷாக்கும் தேவை. காலி வண்டிக்கு அதே கெட்டி ஸ்பிரிங்கைப் போட்டால், சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க மறுத்து அந்தரத்தில் நிற்கும். பிடி கூடுவதற்குப் பதிலாகக் குறையும். ஷாக் மட்டும் தளர்ந்திருந்தால், அதே நீளத்தில் தரமான ஷாக் மாற்றுவதே பல வண்டிகளுக்குப் போதும். உயரம் கூட்டியே ஆக வேண்டும் என்பவர், ஸ்பேசரைத் தவிர்த்து, அந்த உயரத்துக்கென ஒன்றாக வடிவமைத்த ஸ்பிரிங், ஷாக், பிரேக் குழாய், மேல் கை ஆகியவற்றை ஒரே தொகுப்பாகப் பொருத்த வேண்டும். அதுவும் ஓர் அங்குல அளவோடு நிற்க வேண்டும். ஜிம்னியைப் போல் முன்னும் பின்னும் முழு அச்சு உள்ள வண்டியை உயர்த்தினால், அச்சைக் குறுக்கே பிடித்திருக்கும் தண்டு அச்சை ஒரு பக்கமாக இழுத்துவிடும். முன் அச்சு சுழன்று கேஸ்டர் கோணம் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைவதால், திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்பாது. இவற்றைச் சரிசெய்யும் பாகங்கள் இல்லாமல் உயர்த்திய ஜிம்னியை அலைன்மென்ட் இயந்திரத்தில் ஏற்றிவிட்டு, "நேரா ஓடுற மாதிரி பண்ணிக் குடுங்க அண்ணே" என்று கேட்டால் என்னால் எதுவும் செய்ய இயலாது; திருப்புவதற்கு அங்கே திருகாணி இல்லை.

முன்புறத்தை உயர்த்தியவர்களில் முகப்பு விளக்கைத் தாழ்த்திச் சரிசெய்துகொண்டவர்கள் மிகச் சிலரே. இரவில் மலைச்சாலையில் எதிரே வரும் பால் வண்டிக்காரரின் கண்ணில் அந்த விளக்கு நேராக அடிக்கிறது. வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் பள்ளம் என்ற சாலையில் ஒரு நொடி கண் இருட்டினாலும் என்ன ஆகும் என்பதை வண்டியை உயர்த்தும் ஒவ்வொருவரும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் நிலையையும் கட்டுரை குறிப்பிடவில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இரும்புத் தடுப்புகளை முன்னால் பொருத்துவது சட்டவிரோதம் என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்குத் தெரிவித்திருக்கிறது. விபத்து நேர்ந்து காப்பீட்டு ஆய்வாளர் வரும்போது, தெரிவிக்காத மாற்றம் ஒன்று கண்ணில் பட்டால் இழப்பீடு மறுக்கப்படலாம். வண்டி நிறுவனத்தின் உத்தரவாதமும் அப்படியே. என் அக்கா மகனுக்கு ஆக்சில் மாற்றிய செலவு முழுவதும் சொந்தப் பணத்தில்தான் போயிற்று. அவன் இப்போது பழைய அளவிலேயே ஆல் டெரெய்ன் டயர்கள் போட்டு, ஸ்பேசர்களைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறான். கழற்றிய ஸ்பேசர்கள் நான்கும் என் பட்டறை மேசையில்தான் இருக்கின்றன. உயர்த்தித் தரும்படி கேட்டு வருகிறவர்களின் கையில் முதலில் அவற்றைக் கொடுத்து, அந்தப் பிளந்த ரப்பர் உறையையும் காட்டுகிறேன்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். வாகன இணைப்பில் அடுத்து இதைப் பற்றி எழுதும்போது, டயரின் பக்கச்சுவரில் உள்ள எண்களையும் எழுத்துகளையும் படிக்கும் முறையை ஒரு பெரிய படத்துடன் வெளியிட்டால், மலையோர ஊர்களிலுள்ள வாசகர்கள் அதை வெட்டி வண்டியில் வைத்துக்கொள்வார்கள். அடுத்து, மாற்ற வேலை செய்யும் கடைகள் தாங்கள் பொருத்திய ஒவ்வொரு பாகத்தையும், உயர்த்திய அளவையும், செய்த அலைன்மென்ட் விவரத்தையும் ரசீதில் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும் என்ற கோரிக்கையைப் போக்குவரத்துத் துறையின் கவனத்துக்குத் தங்கள் நாளிதழ் கொண்டுசெல்ல வேண்டும். என் அக்கா மகனுக்கு அந்தக் கடை கொடுத்த ரசீதில் "டயர், லிஃப்ட் வேலை" என்று மட்டுமே எழுதியிருந்தது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வீல் அலைன்மென்ட் பட்டறை நடத்துபவர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.